வைரஸ் அடங்கிய பிறகு இதயத்தைப் பார்த்துக்கொள்வது எப்படி

இரத்தப் பரிசோதனையில் 'வைரஸ் தென்படவில்லை' என்று வந்தால் எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் அதே வயதுள்ள மற்றவர்களைவிட அவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. வைரஸ் அடங்கிய பிறகும் நோயெதிர்ப்புக் கலங்கள் முழுதாக அடங்காததே இதற்கு ஒரு முக்கிய காரணம்.

தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடலின் உட்சுவரில் உள்ள சிடி4 எனும் நோயெதிர்ப்புக் கலங்கள் பெருமளவில் அழிந்துவிடுகின்றன. மருந்து தொடங்கினாலும் அந்தச் சுவர் பழையபடி இறுகுவதில்லை. பற்றீரியாத் துணுக்குகள் அதனூடாக இரத்தத்துக்குள் கசிகின்றன. அவற்றைக் கண்டு மொனோசைற் எனும் வெண்குருதிக் கலங்கள் உசாராகி, இரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள கொழுப்பை விழுங்கி ஊதிப்போய்த் தங்கிவிடுகின்றன. இப்படிச் சேரும் படிவு மென்மையானது. அது வெடித்து, மேலே இரத்தம் உறைந்து குழாய் அடைபடும்போதுதான் மாரடைப்பு வருகிறது.

ஆகவே முதல் வேலை, குளிசையை ஒரு நாளும் விடாமல் எடுப்பது. 2006இல் வெளிவந்த 'ஸ்மார்ட்' ஆய்வில் 5,472 பேர் இருந்தார்கள். சிடி4 எண்ணிக்கை 350க்கு மேல் இருந்தபோது மருந்தை நிறுத்தி, 250க்குக் கீழே இறங்கியதும் மீண்டும் தொடங்கியவர்களுக்கு, தொடர்ந்து எடுத்தவர்களைவிட இறப்பும் இதய நோயும் கூடுதலாக வந்தன. 'உடம்பு நல்லாத்தானே இருக்கு, கொஞ்ச நாள் விடுவம்' என்ற நினைப்பு இதயத்துக்கும் கேடு.

இரண்டாவது, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் குளிசை பற்றி நீங்களே கேளுங்கள். 2023இல் வெளியான 'றிப்ரீவ்' ஆய்வில் 40 முதல் 75 வயது வரையான 7,769 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள், இதய ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் என்று கணிக்கப்பட்டவர்கள். தினமும் 4 மில்லிகிராம் பிற்றாவாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 வீதம் குறைந்தன. சாதாரண ஆபத்துக் கணிப்பு அட்டவணைகளில் எச்.ஐ.வி.க்கு இடமே இல்லை. அதனால் 'கொலஸ்ட்ரோல் பரவாயில்லை' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். 40 வயது கடந்திருந்தால், 'எச்.ஐ.வி.யையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஸ்டாட்டின் தேவையா?' என்று கேளுங்கள். பிற்றாவாஸ்டாட்டின் கிடைக்காவிட்டால் அட்டோர்வாஸ்டாட்டின் 20 அல்லது றொசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் பற்றிப் பேசலாம்.

பிழைகள் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். ஊர் சிறியது, ஆள் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பலர் இதய கிளினிக்கில் எச்.ஐ.வி. மருந்தைச் சொல்வதில்லை. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் எச்.ஐ.வி. மருந்தில், மற்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டும் றிற்றோனாவிர் அல்லது கொபிசிஸ்டாற் இருந்து, விவரம் தெரியாத ஒருவர் சிம்வாஸ்டாட்டின் எழுதினால், அது இரத்தத்தில் பன்மடங்கு ஏறித் தசையைச் சிதைக்கும், சிறுநீரகமும் பழுதாகலாம். அந்த இரண்டோடும் சிம்வாஸ்டாட்டின் கூடவே கூடாது. அம்லோடிபின் போன்ற பிறஷர் குளிசைகளும் அளவு குறைத்துத் தொடங்க வேண்டியவை.

டொலுடெக்ராவிர் எனும் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்கு ஸ்டாட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் எடுத்தால், நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் டொக்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த பாணி மருந்து டொலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. பாணி குடிப்பதற்கு 2 மணித்தியாலம் முன்போ, குடித்து 6 மணித்தியாலம் கழித்தோ குளிசையைப் போடுங்கள். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளையும் டொலுடெக்ராவிரையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் தடையில்லை.

இதற்கெல்லாம் ஒரு துண்டுக் காகிதம் போதும். எடுக்கும் எல்லாக் குளிசைகளின் பெயர், மில்லிகிராம், எடுக்கும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். நோயின் பெயர் எழுதத் தேவையில்லை, டொக்டருக்கு மருந்தின் பெயரே சொல்லிவிடும். மடித்து, அடையாள அட்டைக்குப் பின்னால் பேர்சில் வையுங்கள். மருந்து மாறினால் அன்றே புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துவிடுங்கள். புதிதாக எந்தக் குளிசை எழுதப்பட்டாலும், விழுங்குமுன் உங்கள் எச்.ஐ.வி. கிளினிக்கில் காட்டுங்கள்.

வீட்டில் பிறஷர் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவசரத்தில் பிழையாகப் பார்க்கிறார்கள். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணியும் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கை மேசையில், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டு அளவு அடிக்கடி 135/85க்கு மேல் வந்தால் அந்தக் கொப்பியை கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

புகையிலையில் பேரம் பேச இடமில்லை. சிகரெட், சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை மூன்றையும் விட வேண்டும். உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாயில் உள்ள உப்பும் இந்தக் கணக்குத்தான். சொதிக்கு முதற்பாலைக் குறைத்துக் கப்பிப் பாலில் வைக்கலாம்.

நோயெதிர்ப்புக் கலங்களின் இந்த உசாரை, அதாவது அழற்சியை, அளக்கும் சிஆர்பி போன்ற விலைகூடிய பரிசோதனைகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஒரு சாதாரண காய்ச்சலிலேயே சிஆர்பி ஏறிவிடும். அந்தக் காசில் கொலஸ்ட்ரோலையும் சீனியையும் ஒழுங்காகப் பார்க்கலாம்.

ஸ்டாட்டின் தொடங்கியபின் இரண்டு தொடையும் காரணமின்றி நொந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் ஸ்டாட்டினை நிறுத்தி அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி. குளிசையை நிறுத்த வேண்டாம்.

நடு நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோ, குளிர் வியர்வை என்று வந்தால் வாயுவென்று ஓமத்தண்ணி குடித்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் மூச்சு முட்டல் மட்டும்கூட வரலாம். இலங்கையில் உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வைத்தியசாலையில் முதலில் பார்ப்பவரிடம் அந்தத் துண்டைக் கொடுங்கள். மாரடைப்பில் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்துகளில், றிற்றோனாவிரோ கொபிசிஸ்டாற்றோ எடுப்பவருக்கு குளோபிடோக்ரெல் சரியாக வேலை செய்யாது, டிக்காக்ரெலோர் கொடுக்கவே கூடாது. எந்த மருந்தைக் கொடுப்பது என்று அவர்கள் தீர்மானிக்குமுன் அந்தப் பெயர்கள் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.