ஃபைபர் நெட் திணறுகிறதா? ரவுட்டரை மாற்றும் முன் ஒளியின் அளவைப் பாருங்கள்

வீடியோ ஓரளவு ஓடுகிறது. ஆனால் மீட்டிங்கில் நாம் பேசுவது எதிர்முனையில் விட்டுவிட்டுக் கேட்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்". எங்கள் வீட்டுத் தொல்லை ஃபைபர் ஒயரின் பிளக்கைத் துடைத்ததில் தீர்ந்தது. நீங்களும் இந்த வரிசையில் பாருங்கள்.

லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டி வேகம் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் கோளாறு வைஃபையில்தான்; இந்தப் பதிவு உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்குள் லாகின் செய்யுங்கள். முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'ஆப்டிகல்' அல்லது 'பான்' என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு மைனஸ் எண் தெரியும்; நமக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது, டிபிஎம் கணக்கில். -18 நல்லது, -25 சுமார். 3 டெசிபல் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. ஒரே ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறைக்கு ஜிபான் என்று பெயர்; வீடுகளில் பரவலாக உள்ள அதன் 'பி பிளஸ்' வகைக்கு -27தான் கடைசி எல்லை. எங்கள் வீட்டில் -27.6 காட்டியபோதும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது. விளக்கை நம்பாதீர்கள்.

இது டவுன்லோடு கணக்கு மட்டும்தானே என்று தோன்றலாம். ஜிபானில் போக்கும் வரத்தும் ஒரே இழையில்தான்: நமக்கு வருவது 1490 நானோமீட்டர் ஒளி, நாம் அனுப்புவது 1310. வழியில் அழுக்கோ மடிப்போ இருந்தால் இரண்டுமே அடிவாங்கும். அப்லோடுக்கு மொத்தமே 1.25 கிகாபிட், அதையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் (ஒளியைப் பிரிக்கும் கருவி) தொங்கும் வீடுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன.

இனி பிளக். பெட்டியை அணைத்துவிட்டு, ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கின் உடலைப் பிடித்துக் கழற்றுங்கள். முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது; அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. துடைக்கப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வேண்டாம், பஞ்சு நூல் விட்டுப்போகும். 2.5 மில்லிமீட்டர் 'ஒன் கிளிக்' கிளீனர் பேனாதான் என் தேர்வு.

நிறத்தையும் பாருங்கள். பச்சை பிளக்கின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. நீலத்தில் சாய்வு கிடையாது. பச்சையை நீலத்தில் செருகினாலும் 'டக்' என்று உட்கார்ந்துவிடும், அதுதான் வம்பு. நடுவில் இடைவெளி விழுந்து ஒளி சிதறும், திரும்பியும் அடிக்கும். சுவர்ப்பெட்டியில் நீலம் இருந்தால், அங்கிருந்து பெட்டிக்கு வரும் சின்ன ஃபைபர் ஒயரான பேட்ச் கார்டின் அந்த முனையும் நீலமாகவே இருக்க வேண்டும்.

மீதி ஒயரை உள்ளங்கையை விடச் சிறிய வளையமாகச் சுருட்டாதீர்கள். ஜன்னல் கதவு நசுக்குகிறதா என்றும் பாருங்கள். துடைத்து மாட்டியதும் எங்கள் வீட்டில் -20.

பின்சேர்க்கை: "எனக்கு -6 காட்டுகிறது, சூப்பர்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. -8க்கு மேல் போனால் ஒளி அதிகமாகி ரிசீவர் திணறும். லைன்மேனிடம் சொல்லி நடுவே ஒளியைக் குறைக்கும் ஓர் அட்டெனுவேட்டர் போடச் சொல்லுங்கள்.