குளம்பழுகலுக்குப் பரண்தான் மருந்து

மாதவரத்தில் என் கொட்டிலுக்கு வருகிறவர்களில் யாராவது மான் பண்ணை வைக்கலாமே என்பார்கள். நியூசிலாந்தில் செம்மானை ஆடுமாடு போலவே வளர்த்து விற்கிறார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, புள்ளிமான் பக்கமே போக முடியாது. சரி, நமக்கு வெள்ளாடு.

வடகிழக்குப் பருவமழையில் எங்கள் தரை சேறாகிவிடும். ஆடுகள் நொண்டும், குளம்பு இடுக்கில் நாற்றமடிக்கும்; இதுதான் குளம்பழுகல். ஊசி போட்டால் ஆறும். அதே சேற்றில் நின்றால் மறுபடி வரும். அதனால் சவுக்குக் கம்பு நட்டு மூன்றடி உயரத்தில் பரண் போட்டேன். மரச்சட்டங்களுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி: புழுக்கை விழும், கால் சிக்காது.

அப்புறம் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். வளர்ந்த குளம்பைச் சீவிவிட்டு, 20 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ கரைத்து, அதில் சில நிமிடம் நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் தொட்டிதான் சரி, தகரத்தை அரித்துவிடும். குடித்தால் விஷம் என்பதால் முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிடுவேன். செம்மறிக்குச் செம்பு இன்னும் மோசம். அதற்குத் துத்தநாக சல்பேட் நல்லது.

நொண்டல் நின்றுவிட்டது. பெரிய கிடா மட்டும் தொட்டியைத் தாண்டிக் குதிக்கிறது, கொம்பைப் பிடித்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது.