தோற்கிற டீமைப் பற்றி ஒழுங்காக வாதாடுவது எப்படி

இங்கிலாந்து உதைபந்தாட்ட கிளப்பான மென்செஸ்டர் யுனைடெட் தோற்ற மறுநாள் மலையகத்தில், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு சலூனுக்குள் நுழைந்தால், துணியைப் போர்த்தி முடிப்பதற்குள் மூன்று தீர்ப்பு வந்துவிடும். "பெக்ல நிக்கிற ஒருத்தனுக்கும் கால் இல்ல." "கோச்ச வெரட்டணும்." "அந்த கிளேசர் குடும்பம் போனாத்தான் விடியும்." மூன்றும் சரியாகவே இருக்கலாம். ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றுக்கும் ஆதாரம் நிற்காது. யாருக்குத் தொண்டை பெரிதோ அவர் ஜெயிப்பார்.

பழகிப் பார்க்க நல்ல பாடம் யுனைடெட்டின் 2024–25 பருவம். பிளேயர், கோச், சொந்தக்காரர் மூன்று தரப்பும் சேர்ந்தே சறுக்கிய பருவம் அது. லீக்கில் 38 ஆட்டம், 11 வெற்றி, 9 சமநிலை, 18 தோல்வி, 42 புள்ளி, 15ஆம் இடம். அடித்தது 44 கோல், வாங்கியது 54.

முதலில் காலத்தைப் பிரியுங்கள்

அடிப்படை விதி இதுதான்: ஒரு ஆட்டத்துத் தப்பு பெரும்பாலும் பிளேயருடையது. பத்து ஆட்டமாகத் திரும்பத் திரும்ப வரும் தப்பு கோச்சுடையது. பத்து வருசமாக, கோச் மாறி மாறியும் போகாத தப்பு சொந்தக்காரருடையது. யாராவது வாயைத் திறந்தால் முதல் கேள்வி, "நீங்க எத்தனை ஆட்டத்துக் கதைய சொல்றீங்க?" என்பதாக இருக்கட்டும். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும், ஏனென்றால் ஒருவர் நேற்றைய ஆட்டத்தைப் பேசுவார், மற்றவர் பத்து வருசக் கதையைப் பேசுவார்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒரு நாள் கொழுந்து குறைந்தால் கேள்வி எடுத்த ஆளுக்கு. ஒரு மாதம் குறைந்தால் மலையைப் பார்த்த கங்காணிக்கு. பத்து வருசமாகக் குறைந்துகொண்டே போனால், கவ்வாத்தும் உரமும் மறுநடுகையும் செய்யாத கம்பெனிக்கு. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் முதல் ஆளையே திட்டிக்கொண்டிருப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது.

பிளேயர் கணக்கு

ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். டீம் வாங்கும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி. நிமிடம், பந்து எந்த இடத்தில் பறிபோனது, யாரிடமிருந்து, பந்துக்குப் பின்னால் நம் ஆட்கள் எத்தனை பேர், கோர்னர், ஃப்ரீ கிக்கில் வந்ததா, ஓடுகிற ஆட்டத்தில் வந்ததா. கோலைப் பார்ப்பதற்கு முன் பதினைந்து விநாடி பின்னே போய்ப் பாருங்கள். ஹைலைட்ஸ் காட்டுவது கடைசி நான்கு விநாடி. அதில் எப்போதும் கீப்பரும், கடைசியாகத் தடுக்க நிற்கும் பெக்கும்தான் மாட்டுவார்கள். பந்தை நடுமைதானத்தில் தொலைத்தவன் படத்திலேயே இருக்கமாட்டான்.

பத்து ஆட்டம் எழுதியதும் பறிகொடுத்த பெயர், பறிபோன இடம் என்ற இரண்டு நிரலையும் சேர்த்து வாசியுங்கள். பறிகொடுத்த பெயர் ஒன்றாகவே இருந்து இடம் மாறிக்கொண்டிருந்தால் தப்பு அந்தப் பிளேயரிடம். பெயர்கள் மாறி இடம் மட்டும் ஒன்றாக இருந்தால், உதாரணமாக எப்போதும் வலது பெக்குக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் என்றால், அது போட்ட திட்டத்தின் ஓட்டை. அதைக் கோச்சின் பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள்.

ஒற்றை ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு 2025 மே 21இல் யுனைடெட்டும் டொட்டன்ஹாமும் பில்பாவோவில் ஆடிய யூரோப்பா லீக் இறுதியாட்டமே போதும். நமக்கு அது நள்ளிரவு 12.30க்குத் தொடங்கியது. 42ஆம் நிமிடம் டொட்டன்ஹாமின் பாப்பே சார் உள்ளே போட்ட பந்து, யுனைடெட்டின் லூக் ஷோ மேல் பட்டு, ஜோன்சன் காலுக்கும் ஷோவுக்கும் நடுவில் தடுமாறி உள்ளே போனது. அந்த ஒரு கோலில் டொட்டன்ஹாம் யூரோப்பா கிண்ணத்தை எடுத்துப் போனது. அதே டொட்டன்ஹாம் லீக்கில் 17ஆம் இடம், யுனைடெட்டுக்கும் கீழே. அந்த ஒரு இரவை வைத்து யாரையும் கழுவிலும் ஏற்ற முடியாது, தோளிலும் தூக்க முடியாது.

கோச் கணக்கு

கோச்சைப் பற்றி வாதாட 'எதிர்பார்க்கப்பட்ட கோல்' என்ற எண் கை கொடுக்கும். ஒவ்வொரு அடிக்கும், எங்கிருந்து, எப்படி அடித்தது என்பதைப் பார்த்து 0க்கும் 1க்கும் இடையில் ஒரு மதிப்புப் போடுவார்கள். பெனல்டிக்கு முக்காலுக்குக் கொஞ்சம் அதிகம். பெட்டிக்கு வெளியே தூரத்திலிருந்து அடிப்பதற்கு மிகச் சொற்பம். பத்து ஆட்டத்தில் இந்த எண் நன்றாக இருந்தும் கோல் விழவில்லை என்றால், கோச் வாய்ப்பை உண்டாக்குகிறார், முன்னால் நிற்பவர்கள் வீணடிக்கிறார்கள். எண்ணும் குறைவு, கோலும் குறைவு என்றால் கோச் பதில் சொல்ல வேண்டும். ஒரு ஆட்டத்து எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவரை நம்பாதீர்கள். பெனல்டியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இரண்டு பெனல்டி சேர்ந்தாலே எண் வீங்கிவிடும்.

அடுத்தது ஆள் மாற்றம். எந்த நிமிடம், யாருக்குப் பதில் யார், மாற்றிய பிறகு நின்ற அமைப்பு மாறியதா. ஐந்து மாற்றம் செய்யலாம் என்றிருக்க, தோற்றுக்கொண்டிருக்கும்போது 80ஆவது நிமிடம்வரை ஒருவரையும் இறக்காதது ஒரு தடவை நடந்தால் கணக்கில்லை. ஆறு தடவை நடந்தால் எழுதிவையுங்கள்.

அந்தப் பருவத்தில் கோச்சாக வந்த அமோரிமின் விசயம்தான் சிக்கல். 2024 நவம்பரில், பருவத்தின் நடுவில் வந்தார். அவருடைய அமைப்பு 3-4-2-1. அதற்கு இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓடும் விங்பெக் வேண்டும். அவர் கைக்கு வந்ததோ முந்தைய கோச் டென் ஹாக் நான்கு பெக்கை வைத்து ஆடுவதற்காகச் சேர்த்த ஆட்கள். 2025 பெப்ரவரி தொடக்கத்தில் இத்தாலியின் லெச்சே கிளப்பிலிருந்து டோர்குவை வாங்கும்வரை அந்த இடத்துக்கென்று புதிதாக ஒருவரும் வரவில்லை. "இருக்கிற ஆட்களுக்கு ஏத்த மாதிரி அமைப்ப மாத்த வேண்டியதுதானே" என்பது நியாயமான வாதம். "அவர் இப்படித்தான் ஆடுவார்னு தெரிஞ்சுதானே கூட்டிட்டு வந்தாங்க" என்பதும் நியாயம். முதலாவது கோச் பக்கத்தில் போகும், இரண்டாவது நிர்வாகப் பக்கத்தில் போகும். ஒன்று உண்மை என்பதால் மற்றது பொய்யாகாது.

சொந்தக்காரர் கணக்கு

இங்கேதான் ஆட்கள் அதிகம் கத்துகிறார்கள், குறைவாகப் படித்திருக்கிறார்கள். "கிளேசர் காசே செலவழிக்கல" என்று தொடங்கினால் எதிராளி உங்களை ஒரு நிமிடத்தில் மடக்குவார், ஏனென்றால் யுனைடெட் ஏராளமாகச் செலவழித்த கிளப். சரியான வாதம் வேறு. 2005இல் ஏறக்குறைய 790 மில்லியன் பவுணுக்குக் கிளப் கிளேசர் குடும்பத்துக்குக் கைமாறியது. அதில் பெரும்பகுதி கடன், அந்தக் கடனின் சுமை கிளப்பின் தலையிலேயே ஏறியது. அதுவரை கடனில்லாத கிளப் அது. அதன் பிறகு டிக்கெட்டிலும் ஜேர்சியிலும் வந்த வருமானத்தில்தான் வட்டியும் போனது, பிளேயரும் வாங்கப்பட்டது. ஆகவே கேட்கவேண்டியது: எவ்வளவு செலவழித்தார்கள் என்பதல்ல, யாருடைய காசு, யார் முடிவெடுத்தது, என்ன கிடைத்தது.

இதற்கு பொக்பா என்ற பிளேயரைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2012இல் சும்மா விட்டார்கள். 2016இல் 89 மில்லியன் பவுண் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 2022இல் ஒப்பந்தம் முடிந்து மறுபடியும் சும்மா போனார். கோச் மூன்று நான்கு பேர் மாறியிருந்தார்கள். அந்தக் கணக்கு எந்தக் கோச்சின் பக்கத்திலும் அடங்காது.

அன்டனி என்ற பிளேயரின் கணக்கைப் போடத் தெரிந்தால் கிளப் கணக்குப் புத்தகத்தின் பாதி புரிந்துவிடும். 2022இல் அவரை வாங்க அயெக்ஸ் கிளப்புக்குக் கொடுத்தது ஏறக்குறைய 95 மில்லியன் யூரோ. ஐந்து வருச ஒப்பந்தம் என்றால் புத்தகத்தில் வருசத்துக்கு 19 மில்லியன் செலவாக எழுதப்படும். மூன்று வருசத்தில் 57 கழிந்து, மீதிப் பெறுமதி 38. 2025இல் பெட்டிஸுக்கு விற்றது ஏறக்குறைய 22க்கு. புத்தகத்தில் 16 மில்லியன் நட்டம். அப்போதிருந்த பிரீமியர் லீக் விதிப்படி மூன்று வருசத்தில் சேர்ந்த நட்டம் 105 மில்லியன் பவுணைத் தாண்டக்கூடாது என்பதால், 2022இல் போட்ட தப்புக் கையெழுத்து 2025இல் வாங்கப் பார்த்த ஆளையும் தடுத்திருக்கும்.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அகடமியில் வளர்ந்த பிளேயருக்குப் புத்தகத்தில் வாங்கிய விலை கிடையாது. விற்றால் வரும் காசு முழுதும் இலாபம். மெக்டொமினேயை 2024இல் நாப்போலிக்கு ஏறக்குறைய 25 மில்லியன் பவுணுக்கு விட்டது இந்தக் கணக்கில் இனித்திருக்கும். அவர் போன முதல் பருவத்திலேயே இத்தாலிய லீக்கை வென்று, அந்த லீக்கின் சிறந்த வீரராகவும் வந்தார். "கோச் ஏன் அவரை விட்டார்?" என்று கேட்பவரிடம் இந்த வரவு செலவைக் காட்டுங்கள்.

2024 பெப்ரவரியில் ரெட்க்ளிப் என்ற பிரித்தானியச் செல்வந்தர் கிளப்பில் கால்பங்குக்குச் சற்று அதிகமான பங்கை வாங்கி, விளையாட்டுப் பக்கத்தைக் கையில் எடுத்தார். எனவே அதற்குப் பிறகு எடுத்த விளையாட்டு முடிவுகளுக்கு "எல்லாம் கிளேசர்" என்ற வாதம் ஓடாது. டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2024 ஜூலையில் நீட்டி, ஒக்டோபர் 28இல் நீக்கினார்கள். விளையாட்டுப் பணிப்பாளராக ஜூலையில் வந்த ஆஷ்வொர்த் டிசம்பரில் போய்விட்டார். இந்த இரண்டு திகதிகளையும் சொன்னால் போதும், குரலை உயர்த்தத் தேவையில்லை. அதே வருசம் மே மாத மழையில் ஓல்ட் டிரஃபோர்ட் கூரையிலிருந்து தண்ணீர் அருவியாக ஊற்றியது; கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்று லயத்து ஆட்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

நிர்வாகத் தப்பு பிளேயரின் காலில் விழும் என்பதற்கு வெளிநாடு போகவும் தேவையில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அத்தனை மாதமும் தேசிய அணி சர்வதேச ஆட்டம் ஆட முடியவில்லை. அதில் ஒரு பெக்கும் பந்தைத் தவறவிடவில்லை.

சொந்தத் தோட்டத்து டீம் என்றால்

முறை அதேதான், கொப்பியில் இரண்டு நிரல் கூடும். ஒன்று, எந்தப் பாதியில் மேட்டுப் பக்கம் பார்த்து ஆடினார்கள் என்பது. நம் கிரவுண்டுகளில் பல சாய்வு. மழையில் பள்ளப் பக்க கோல் வாசலில் சேறு தேங்கும், அங்கே குத்தும் பந்து எழும்பாமல் வழுக்கும். வாங்கிய கோல்களில் பெரும்பகுதி அந்த வாசலில் என்றால் கீப்பரை மாற்றி ஒரு பலனும் இல்லை; டொஸ் வென்றால் எந்தப் பக்கம் எடுப்பது என்பதை மாற்றுங்கள்.

மற்றது வரவு. பயிற்சிக்கு யார் வந்தார், யார் கொழும்புக்கு வேலைக்குப் போனார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முழு டீமாக ஆடி ஜெயித்துவிட்டு, இடையில் எட்டுப் பேரோடு தோற்றால் கோச்சைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. சொந்தக்காரர் இடத்தில் இங்கே இருப்பது தலைவர், செயலாளர், பொருளாளர். ஜேர்சிக்குப் பிரித்த காசு, நுழைவுக் கட்டணம், பந்து வாங்கிய பில், மூன்றையும் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். திட்டிப் பேசினால் ஆள் கோபித்துக்கொண்டு போவார். பில்லைக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

வாதம் நடக்கும்போது

ஆட்டம் முடிந்த உடனே தொடங்காதீர்கள். இங்கிலாந்து ஞாயிறு மாலை 4.30 ஆட்டம் நமக்கு இரவு 9 மணி. ஒக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறுவரை 10 மணி. முடியும்போது நள்ளிரவை நெருங்கும், காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு. அந்த நேரத்தில் வருவது வாதம் அல்ல, எரிச்சல். மறுநாள் வேலை முடிந்து, ஒரு பிளேன்டீயோடு உட்காருங்கள். அதற்குள் எண்களும் வந்திருக்கும். மழையில் டிஷ் அறுந்து பாதி ஆட்டம் பார்க்காதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விளையாட்டுக்கு வெளியே போகும் சொல்லை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 2021 ஜூலையில் யூரோ இறுதியில் பெனல்டி தவறவிட்ட ரஷ்ஃபோர்ட், சன்சோ, சகா மூவரையும் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். நம் பக்கம் அது சாதியாகவும் அப்பன் பெயராகவும் வரும். அப்படி ஒன்று விழுந்ததும் பேச்சை முடித்துவிட்டு எழும்புவதே முறை. பந்தயம் கட்டியவரின் கருத்தையும் அன்றைக்குக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கோச்சை நீக்கிவிட்டால்

புதுப் பக்கம் திருப்புங்கள், ஆனால் அவசரப்பட்டு எழுதாதீர்கள். கோச்சை நீக்குவது வழக்கமாக அதிர்ஷ்டமும் கெட்டு டீம் அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான். அங்கிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் மேலே வரும். 2018 டிசம்பரில் யுனைடெட்டுக்குத் தற்காலிகக் கோச்சாக வந்த சோல்ஷயர் முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றார். 2019 மார்ச்சில் நிரந்தரமாக்கினார்கள். பருவத்தின் கடைசி நாளில், ஏற்கெனவே லீக்கிலிருந்து கீழே இறங்கிவிட்ட கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 2–0 என்று தோற்று, ஆறாம் இடத்தில் முடித்தார்கள். வெற்றி எட்டும் கோச் பக்கத்தில் போகட்டும். பருவம் முடியும்வரை பொறுக்காமல் கையெழுத்துப் போட்டதைச் சொந்தக்காரர் பக்கத்தில், திகதியோடு எழுதுங்கள்.