புதிய கணினியில் விண்டோஸ் 7: டிரைவர் சிக்கல்களைச் சரிசெய்தல்

2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7, யூஎஸ்பி 3.0 இணைப்புக்கான டிரைவரை (வன்பொருளை இயக்க உதவும் மென்பொருளை) தன்னுள் கொண்டிருக்கவில்லை. அதனால் புதிய மதர்போர்டில் நிறுவத் தொடங்கியதும் கீபோர்டும் மவுஸும் செயலிழந்துபோகலாம். அவை பழுதாகிவிட்டன என்று எண்ண வேண்டாம். பழைய வட்ட இணைப்பான் கொண்ட பிஎஸ்/2 கீபோர்டை இணைக்கலாம். இல்லையெனில், வேறொரு கணினியில் டிஐஎஸ்எம் என்னும் விண்டோஸ் கட்டளைக் கருவியைக் கொண்டு, நிறுவல் வட்டிலுள்ள பூட், இன்ஸ்டால் ஆகிய இரு விம் கோப்புகளிலும் (விண்டோஸின் நிறுவல் படிமங்களிலும்) டிரைவரை முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும். பூட் கோப்பில் இரண்டு பிரிவுகள் உண்டு. இரண்டாவதை விட்டுவிடுவதே பலர் செய்யும் தவறு. என்விஎம்இ வகை அதிவேக எஸ்எஸ்டி வட்டு தென்படாவிட்டால் அதன் டிரைவரையும் இவ்வாறே சேர்க்கலாம்.

நிறுவிய பின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி தெரிந்தால், பிழை எண்ணை முதலில் பாருங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 52 என்றால் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை, பெரும்பாலும் எஸ்ஹெச்ஏ-2 என்னும் புதிய கையொப்ப முறையின் ஆதரவுக்கான 2019-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு விடுபட்டிருக்கும். பெயர் தெரியாத சாதனமெனில், டீட்டெயில்ஸ் பகுதியிலுள்ள ஹார்டுவேர் ஐடியைப் பார்த்துத் தயாரிப்பாளரை அறியலாம்; அதில் வரும் 8086 என்னும் எண் இன்டெலைக் குறிக்கும். டிரைவரைத் தானாகத் தேடித் தருவதாகக் கூறும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். தயாரிப்பாளரின் தளமே பாதுகாப்பானது.

எட்டாம் தலைமுறை முதலான இன்டெல் செயலிகளின் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு விண்டோஸ் 7 டிரைவரை இன்டெல் வழங்கவில்லை. அங்கே தனி கிராபிக்ஸ் கார்டு பொருத்துவதோ மெய்நிகர் கணினியில் (வேறொரு இயங்குதளத்துக்குள் மென்பொருளால் உருவாக்கும் கணினியில்) இயக்குவதோதான் வழி.