கை கழுவிய பிறகு வரும் தவறுகள்: வீட்டு டயாலிசிஸ்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகப் பையிலுள்ள திரவத்தை ஏற்றி, பிறகு வடித்து ரத்தத்தைச் சுத்தம் செய்வதே வயிற்று வழி டயாலிசிஸ் (சி.ஏ.பி.டி.). இதில் வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பை மாற்ற வேண்டும். அந்தக் குழாயின் மூடியைத் திறந்து புதுப் பையை இணைக்கும் சில நொடிகளில் விரல் நுனியிலிருக்கும் கிருமி வயிற்றுக்குள் போய்விடலாம். கையைக் கழுவாமல் யாரும் உட்காருவதில்லை. சறுக்குவதெல்லாம் கழுவிய பிறகுதான்.

முதல் குற்றவாளி துவர்த்து (துண்டு). குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் சரியாகக் காயாது. குளியலறைக் கதவில் தொங்கும் அந்த ஈரத் துவர்த்தில் துடைத்தால் கழுவியது வீண். காகிதத் துண்டு நல்லது. கட்டுப்படியாகாவிட்டால், துவைத்து நன்கு காயவைத்து இஸ்திரி போட்ட சிறு துணிகளை மூடிய டப்பாவில் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்று. விரலிடுக்கு வரை காய வேண்டும். ஈரக் கையில் கிருமி எளிதில் ஒட்டும், சானிடைசரும் நீர்த்துப்போகும். தண்ணீர்க் குழாயையும் கை துடைத்த காகிதத்தாலேயே மூடுங்கள். கிணற்றில் கோரி வைத்த பக்கெட்டில் கையை முக்காதீர்கள், ஒருவர் ஊற்றட்டும்.

ரப்பர் பாலோ மீன் செதிலோ எண்ணெயோ ஒட்டிய கையில் சானிடைசர் பலிக்காது. முதலில் சோப்பு, 40 முதல் 60 நொடி. பிறகு காய்ந்த கையில் சானிடைசர், 20 முதல் 30 நொடி, தானாகக் காயும்வரை. ஊதுவதும் துடைப்பதும் கூடாது. ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தீரப்போகிறதே என்று தண்ணீர் கலந்தால் அதன் பலன் போச்சு.

மோதிரம், வளையல், வாட்ச் கழற்றியாக வேண்டும். கோயில் கயிற்றை அவிழ்க்க மனமில்லையென்றால் மேற்கையில் கட்டிக்கொள்ளலாம்.

வரிசை மாறுவதும் தவறுதான். ஃபேனை நிறுத்தி (புழுக்கம்தான், வேறு வழியில்லை), ஜன்னலைச் சாத்தி, மாஸ்க் போட்டு, பையை எடுத்து வைத்த பிறகே கை கழுவ வேண்டும். கழுவிவிட்டு மாஸ்க்கைச் சரிசெய்தால் மறுபடி முதலிலிருந்து. வயிற்றிலிருந்து நீர் வடியும் நேரத்தில் போனை நோண்டுகிறவர்கள், பையைக் கழற்றி மூடி போடுமுன் மீண்டும் கையைச் சுத்தம் செய்ய மறந்துவிடுகிறார்கள்.

இணைப்பு முனையில் விரல் பட்டுவிட்டால் சானிடைசரால் துடைத்துச் சமாளிக்காதீர்கள். குழாயை அடைக்கும் கிளாம்பை மூடி, புது மூடி போட்டு, திரவத்தை ஏற்றாமல் உடனே டயாலிசிஸ் நர்ஸைக் கூப்பிடுங்கள். வடிந்த நீர் கலங்கியிருந்தால், வயிற்றுவலி இல்லாவிட்டாலும், அந்தப் பையைக் கொட்டிவிடாமல் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.