வேலிக்கால் அடிக்கும் கை இயந்திரம்: குழி தோண்டாமல் இரும்புக் கால் நடுவது எப்படி

முதலில் எதற்கு உதவாது என்று சொல்லிவிடுவோம். காலின் தலையில் கவிழ்த்து, பெட்ரோல் எஞ்சினின் வலுவால் காலை மண்ணில் அடித்து இறக்குவது இந்த இயந்திரம். கல்லுக்கால், சிமென்ட் கால் இரண்டையும் இதனால் அடிக்க முடியாது. முதல் சில அடியிலேயே தலை நொறுங்கும். இரும்பு ஆங்கிள், ஜிஐ பைப், டி அல்லது ஒய் வடிவ இரும்புக் கால், ஒல்லியான மரக்கால் ஆகியவற்றை மட்டுமே அடிக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மேய்ச்சல் நில வேலிக்கு டி, ஒய் வடிவக் கால்களை அப்படியே மண்ணில் அடித்து இறக்குவதுதான் வழக்கம். அந்த வேலைக்காக உருவானது இது. ஆங்கிளிலும் பைப்பிலும் வேலி போடுகிற நம் ஊர்த் தோட்டக்காரர்களுக்கும் அதே அளவுக்குப் பயன்படும்.

குழி தோண்டும் ஆகர் இயந்திரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆகர் மண்ணை வெளியே எடுக்கிறது. பிறகு காலை நிறுத்தி, கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அடித்து இறக்கும் கால் மண்ணை ஒதுக்கிக்கொண்டு போவதால் சுற்றியுள்ள மண் இறுகிக் காலைக் கவ்விக்கொள்ளும். அன்றைக்கே கம்பி இழுக்கலாம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, கையாலேயே அடிப்பதா என்பது கால்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. 10 அடிக்கு ஒரு கால் என்றால் 84 கால் வரும். 30, 40 கால்தான் என்றால் இயந்திரம் தேவையே இல்லை. 3 அங்குல பைப்பில் இரண்டரை அடி வெட்டி, ஒரு வாயை 12 மி.மீ. தகடு வைத்து வெல்டிங் செய்து மூடி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தால் போதும். உள்ளூர் லேத்துப் பட்டறையிலேயே செய்துவிடலாம். காலின் மேல் அதைக் கவிழ்த்துத் தூக்கித் தூக்கிப் போட வேண்டியதுதான். சம்மட்டியை விடப் பல மடங்கு மேல்: அடி நேராக விழும், தலையும் மடங்காது. இரண்டு ஏக்கருக்கு மேல் போகும்போதுதான் பெட்ரோல் இயந்திரத்துக்கு அர்த்தம் உண்டு.

உள்ளே நடப்பது என்ன

பெரும்பாலான நல்ல இயந்திரங்களில் ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற சிறிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கும். 35.8 சிசி, ஏறக்குறைய ஒன்றேகால் குதிரைத்திறன். ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் மையவிலக்குக் கிளட்ச் பிடித்து, கியர் வழியாகக் கிராங்க்கைச் சுற்றும். கிராங்க் ஒரு பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டும். பிஸ்டனுக்கும் அடிக்கும் சுத்திக்கும் நடுவில் அடைபட்ட காற்று ஒன்று உண்டு. அந்தக் காற்றழுத்தம்தான் சுத்தியைத் தூக்கிக் கீழே எறிகிறது. இதனால் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். காலின் தலை இயந்திரத்தின் வாய்க்குள், அதாவது அடிப்பக்கத் திறப்புக்குள், நன்றாக முட்டியிருந்தால்தான் அடி விழும். காலில்லாமல் வெறும் வாயோடு முறுக்கினால் அடி முழுவதும் இயந்திரத்தின் உடம்பிலேயே விழுந்து போல்ட்டுகள் தளரும்.

எடை 15 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த எடையே போதும், மேலிருந்து அழுத்தத் தேவையில்லை. அழுத்தினால் அதிர்வு கைக்கு ஏறுமே தவிர, கால் வேகமாக இறங்காது.

எந்தக் கால்

இயந்திரத்தின் வாய் அளவைப் பார்த்த பிறகுதான் கால் வாங்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள். 40 மி.மீ. அல்லது ஒன்றரை அங்குல பைப் என்று கடையில் சொல்வதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. அது 2 அங்குல வாய்க்குள் சரியாகப் போகும். 2 அங்குல பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., போகாது. 40க்கு 40 ஆங்கிளின் முனைக்கு முனை அளவு சுமார் 57 மி.மீ. ஆகவே அதற்கு 60 மி.மீ.க்குக் குறையாத வாய் வேண்டும். வாய் பெரிதாகவும் கால் சிறிதாகவும் இருந்தால், இயந்திரத்தோடு வரும் அளவுக்கேற்ற புஷ்ஷைக் கட்டாயம் போடுங்கள். புஷ் இல்லாமல் அடித்தால் கால் உள்ளே ஆடும். அடி ஓரத்தில் விழும், தலை பூப்போல விரிந்து வாய்க்குள் சிக்கிக்கொள்ளும்.

கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜிஐ பைப்பில் மஞ்சள் கோடு போட்டது ஏ கிளாஸ், நீலக் கோடு பி கிளாஸ், சிவப்பு சி கிளாஸ். அடித்து இறக்க பி கிளாஸுக்குக் குறைந்து போகக் கூடாது. ஆங்கிள் என்றால் 40க்கு 40க்கு 5 மி.மீ., மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. 3 மி.மீ. ஆங்கிள் கரிசலில் இறங்கும், ஆனால் சரளையில் நடுவிலேயே முறுக்கிக்கொள்ளும்.

அடி முனையை வெட்டும்போது இரு பக்கமும் ஒரே அளவு சாய்வாக வெட்டிக் கூராக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் சரிவாக வெட்டினால் கால் இறங்க இறங்க எதிர்ப்பக்கம் ஓடும். நூல் பிடித்துத் தொடங்கினாலும் வரிசை கோணலாக நிற்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். கம்பி மாட்டும் கொக்கிகளை வெல்டிங் செய்வதாக இருந்தால் கால் இறங்கிய பிறகு செய்யுங்கள். தலைப்பக்கம் முன்பே செய்த கொக்கி வாய்க்குள் நுழையாது. துளை போடுவது மட்டும் முன்பே முடிந்திருக்கலாம்.

கடைசியாக, மண்ணுக்குள் போக வேண்டிய அளவில் ஒவ்வொரு காலிலும் பெயிண்ட் கோடு போடுங்கள். ஆறரை அல்லது ஏழு அடிக் காலுக்கு 2 அடி ஆழம், எட்டடிக் காலுக்கு இரண்டரை அடி. கரிசல் மண் என்றால் அரை அடி கூட்டுங்கள்.

மண்ணும் நேரமும்

நல்ல மழை பெய்து, நடந்தால் பாதத்தில் சேறு ஒட்டாத அளவுக்கு மண் காய்ந்திருக்கும் நாட்கள்தான் பொருத்தம். அந்த ஈரத்தில் செம்மண்ணில் 2 அடி இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதே மண் சித்திரை வெயிலில் செங்கல்லாகிவிடும். சேறாக இருக்கும்போது அடிப்பதும் தப்பு. சுலபமாக இறங்கும், காய்ந்ததும் காலைச் சுற்றி இடைவெளி விழுந்து ஆடும். கரிசல் கோடையில் வெடித்துப் பிளக்கும், மழையில் ஊதும். அங்கே காலைப் பிளவுக்குக் கீழே கொண்டுபோனால்தான் நிற்கும்.

சுக்கான் தட்டு (கெட்டியான சுண்ணாம்புக் கல் அடுக்கு) உள்ள நிலத்தில் இயந்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். முதலில் கடப்பாரையால் நான்கைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். ஓரடிக்குள் கல் தட்டினால் அந்த இடங்களுக்கு ராக் டிரில்லால் காலை விடச் சிறிய துளை போட்டுக்கொண்டு, பிறகு அடிக்க வேண்டும். கீழே பாறையே இருந்தால் இந்த வேலையை விட்டுவிட்டு, துளை போட்டுச் சிமென்ட் கரைசலில் காலை நிறுத்துவதே வழி.

அடிப்பதற்கு முன் இரண்டு சோதனை. தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா? தோட்டத்து மின்கம்பி பல இடங்களில் தொய்ந்து கிடக்கும். எட்டடி இரும்புக் காலை நிமிர்த்தும்போது அது எட்டிவிடக் கூடாது. மண்ணுக்குக் கீழே சொட்டுநீர் மெயின் லைனோ மோட்டார் கேபிளோ வரப்பை ஒட்டிப் போகிறதா? குழாய் போட்டவரைக் கேட்டு, வழியைச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள். பிவிசி குழாய் ஒரே அடியில் உடையும். மேலே ஈரம் தெரிய நாளாகும்.

அடிக்கும் முறை

மூலைக்கால்களை அடித்து இறக்க வேண்டாம். கம்பியின் இழுவை முழுவதும் அவற்றின் மேல்தான். 3 அடி குழி, கான்கிரீட், இரண்டு பக்கமும் முட்டுக்கால் என்று முறையாக நிறுத்தி, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு மூலைக்கு மூலை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நூல் கட்டி, 10 அடிக்கு ஒரு முளை குறியுங்கள். கால் நூலைத் தொடக் கூடாது, ஒரு விரல் தள்ளி நிற்க வேண்டும். ஒன்று தொட்டால் நூல் வளையும், மீதி எல்லாம் அந்த வளைவிலேயே போகும்.

குறித்த இடத்தில் கடப்பாரையால் அரை அடி ஆழத்துக்கு ஒரு தொடக்கத் துளை போடுங்கள். அடுத்து இயந்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கும் பிரச்சினை. ஏழடிக் காலின் உச்சிக்கு 15 கிலோவைத் தூக்குவது ஆபத்தான வேலை. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது காலைத் தரையில் படுக்க வைத்து, அதன் தலையில் இயந்திரத்தைச் சொருகி, ஒருவர் அடிமுனையைத் துளையில் மிதித்துப் பிடிக்க, மற்றவர் இரண்டையும் சேர்த்து நிமிர்த்துங்கள். எட்டடிக் காலுக்கு டிராக்டர் டிரெய்லரை ஓட்டிவந்து அதன் மேல் நின்று அடிப்பது நல்லது. காலின் மேல் ஏணி சாய்த்து ஏறக் கூடாது.

எஞ்சினைக் கிளப்ப: சுவிட்சைப் போட்டு, சோக்கை மூடி, பிரைமர் பல்பில் பெட்ரோல் தெரியும்வரை அமுக்கி, கயிற்றை இழுங்கள். சூடானதும் சோக்கைத் திறந்து, இரண்டு நிமிடம் ஐட்லில் ஓடவிடுங்கள். ஐட்லில் சுத்தி அடிக்கக் கூடாது.

முதல் ஓரடிதான் மொத்த வேலையும். பாதி வேகத்தில் மூன்று, நான்கு விநாடி மட்டும் அடித்து நிறுத்துங்கள். ரசமட்டத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பக்கங்களில் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் காலின் நடுவைப் பிடித்துத் தள்ளி நிமிர்த்தி, மறுபடி கொஞ்சம் அடியுங்கள். ஓரடிவரை எதையும் சரிசெய்யலாம். ஒன்றரை அடி தாண்டிவிட்டால் முடியாது. இயந்திரத்தை வைத்து நெம்பி நிமிர்த்த முயன்றால் கால் தரைமட்டத்தில் வளையும். அப்படிப்பட்டதை உருவிவிட்டு மறுபடி தொடங்குவதே மிச்சம். ஓரடிக்குப் பிறகு முழு வேகம் கொடுத்து, பெயிண்ட் கோடு தரையைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

ஆங்கிள் அடி விழும்போது திரும்பும். உதவியாளர் நீளக் கைப்பிடி கொண்ட பைப் ரிஞ்சால் இடுப்புயரத்தில் பிடித்திருந்தால் முகம் மாறாது. வெறும் கையால் காலைப் பிடிக்கக் கூடாது, முக்கியமாக வாய்க்குக் கீழே. சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. நிறுத்து, அடி என்பதற்குக் கைச்சைகையை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். காதடைப்பு, கண்ணாடி, முனையில் இரும்பு வைத்த ஷூ, கையுறை நான்கும் இருவருக்கும் வேண்டும். ஒருவரே நாள் முழுவதும் அடிக்காமல் பத்துக் காலுக்கு ஒருமுறை கை மாற்றிக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போகத் தொடங்கினால் அன்றைக்கு அவருக்குப் போதும்.

மக்கர் செய்யும்போது

பத்து, பதினைந்து விநாடி முழு வேகத்தில் அடித்தும் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையா, சத்தம் மந்தத்திலிருந்து கணீர் என்று மாறுகிறதா? கீழே கல். உடனே நிறுத்துங்கள். கால் வாங்க மறுத்த அடியெல்லாம் இயந்திரத்துக்கே திரும்புகிறது. காலை உருவி, வரிசையிலேயே அரை அடி தள்ளிப் பாருங்கள். கால்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் மாறினால் வேலிக்கு ஒன்றும் ஆகாது.

எஞ்சின் கத்துகிறது, அடி மட்டும் வரவில்லை என்றால் காலின் தலை உள்ளே முட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான். முட்டியிருந்தும் அடி இல்லாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். அடி விழுகிறது, ஆனால் வலு இல்லை என்றால் பிஸ்டனின் ஓ-ரிங் தேய்ந்து காற்று கசிகிறது. ஐட்லிலேயே சுத்தி அடித்தால் ஐட்ல் வேகம் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. முதலில் சொன்னதைக் கார்புரேட்டர் திருகில் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு மெக்கானிக் வேண்டும்.

தலை விரிந்து வாய்க்குள் சிக்கிய காலை அடித்துக் கழற்றப் பார்க்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, இயந்திரத்தை மெல்லத் திருப்பித் திருப்பி மேலே இழுங்கள். அப்படியும் வராவிட்டால் வாய்க்குக் கீழே காலை வெட்டிவிடுங்கள்.

பெட்ரோல், ஆயில், கிரீஸ்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் ஆகருக்குக் கலந்து வைத்த கேனிலிருந்து ஊற்றிவிடுவது சகஜமாக நடக்கிறது. அதற்காக இரண்டு கேனுக்கும் நிறம் மாற்றுங்கள். ஜிஎக்ஸ்35க்குப் பெட்ரோல் டேங்க் 630 மி.லி., எஞ்சின் ஆயில் வெறும் 100 மி.லி., 10டபிள்யூ-30. இவ்வளவு குறைந்த ஆயிலில் 20 மி.லி. குறைந்தாலே ஆபத்து. தினமும் காலையில் பாருங்கள். முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை, அதன்பின் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டரை 25 மணிக்கு ஒருமுறை என்கிறது கையேடு. செம்மண் புழுதியில் தினமும் மாலையில் கழற்றித் தட்டுவது நல்லது. பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

அடிக்கும் பகுதிக்குக் கிரீஸ் தனி. அதிக வெப்பம் தாங்கும் கிரீஸைக் கையேடு சொல்லும் மணிக்கணக்கில் நிப்பிளில் ஏற்றுங்கள். சாதாரண சக்கர கிரீஸ் உருகி ஓடிவிடும். அதிகமாக ஏற்றினாலும் காற்றறை அடைபட்டு அடி மந்தமாகும். வெளி போல்ட்டுகள் அதிர்வில் தளரும், ஒவ்வொரு நாளும் முறுக்கிப் பாருங்கள்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வகைச் சிறு எஞ்சின்களுக்குக் கையேடு அனுமதிப்பது 10 சதவீதம்தான். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்க்கைக் காலி செய்து, பிரைமர் பல்பு காலியாகும்வரை அமுக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். உள்ளே நின்ற பெட்ரோல் ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டர் டயஃப்ரத்தைக் கெடுக்கும். அடுத்த பருவத்தில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாததற்கு அனேகமாக அதுவே காரணமாக இருக்கும்.

அடி வாங்கிய தலையில் துத்தநாகப் பூச்சு உதிர்ந்திருக்கும். கம்பி இழுப்பதற்கு முன்பே அங்கே ஜிங்க் ஸ்பிரேயோ ரெட் ஆக்சைடோ அடித்து, பைப் காலுக்கு மூடி போட்டுவிடுங்கள். திறந்த பைப்பில் மழைநீர் தேங்கி, மண்மட்டத்தில் உள்ளிருந்து துருவேறும்.