டிஸ்னி மாரத்தான்: எதை எப்போது சாப்பிடலாம்?

ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஜனவரியில் நடக்கும் மாரத்தான் விடியுமுன்பே தொடங்கிவிடும். 2 மணிக்கே எழுந்தாக வேண்டும். அப்போது எந்த உணவகத்தையும் நம்ப முடியாது. ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம் என்று பழகிய உணவை முந்தைய நாளே அறையில் வாங்கி வைத்துவிடுங்கள்.

அங்குள்ள எப்காட் பூங்காவில் 11 நாடுகளின் அரங்குகள் உண்டு. ஓட்டத்துக்கு முந்தைய மாலை அங்கே அரங்குக்கொரு வாய் என்று ருசி பார்த்துக்கொண்டே நடந்தேன். காலும் போச்சு, வயிறும் போச்சு. மறுநாள் கழிப்பறை வரிசையில் நின்ற நிமிடங்களை எண்ணவே வேண்டாம். அந்தச் சுற்றை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவு சாதமோ பாஸ்தாவோ போதும், அதையும் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சரி, பதக்கம் கழுத்தில் ஏறியாச்சு. முதலில் தண்ணீரும் உப்பான ஏதாவதும்; இனிப்பு அப்புறம். நார்வே அரங்கில் கிடைக்கும் ஸ்கூல் பிரெட் என் பரிசு: ஏலக்காய் மணக்கும் பன், உள்ளே கஸ்டர்ட், மேலே வறுத்த தேங்காய்த் துருவல். அங்கேயே இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டம் போனால் டோல் விப், அதாவது ஐஸ்கிரீம் போன்ற அன்னாசி இனிப்பு. வரிசையில் நிற்கக் கால் கெஞ்சும். டிஸ்னி செயலியிலேயே ஆர்டர் செய்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் கவுன்ட்டரில் கேட்டால் இலவசம்.